தர்க்கம் ஒன்றா, பலவா? ‘தர்க்கங்கள்’ என்று எழுதலாமா?

கேள்வி இது: ஒரு தத்துவக் கட்டுரையில் ‘செவ்வியல் தர்க்கமும் அதற்கு மாற்றான தர்க்கங்களும்’ என்ற தொடர் வந்திருக்கிறது. தர்க்கம் என்றால் சரியாகச் சிந்திக்கும் நெறி. அது எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? அதற்கு எப்படிப் பன்மை வரும்? கூடவே இன்னொன்று: தர்க்கம், தருக்கம், ஏரணம், அளவை, லாஜிக் இவற்றில் எதை எங்கே எழுதுவது?

சுருக்கமாகச் சொன்னால், ‘தர்க்கங்கள்’ சரியான பன்மைதான். ஆனால் அந்தச் சொல்லின் ஒரே ஒரு பொருளுக்குத்தான் அந்தப் பன்மை செல்லும். எந்த முடிவு எதிலிருந்து பிறக்கும் என்று விதிகளை முழுசாக எழுதிவைத்த முறைமைக்கு ‘ஒரு தர்க்கம்’ என்று பெயர். அப்படிப்பட்டவை பல உண்டு, ஆகவே தர்க்கங்கள். ‘ஆளுக்கு ஒரு நியாயம்’ என்ற பொருளில் அந்தப் பன்மையைப் பிடித்துக்கொண்டால் விஷயம் தலைகீழாகிவிடும். இந்த ஒரு குழப்பத்தைத் தீர்க்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பேச்சுத் தமிழில் தர்க்கம் என்றால் பெரும்பாலும் வாக்குவாதம். ‘சும்மா தர்க்கம் பண்ணாதே’ என்று யாராவது சொன்னால், ‘ஒழுங்காகச் சிந்திக்காதே’ என்று அவர் சொல்லவில்லை, ‘எதிர்த்துப் பேசாதே’ என்கிறார். எழுத்தில் அதே சொல் ஒரு துறையின் பெயர்: தர்க்க சாஸ்திரம், தர்க்கவியல். ‘அவர் வாதத்தில் தர்க்கம் இல்லை’ என்னும்போது பொருள் இன்னும் வேறு. சொன்னதும் முடித்ததும் ஒட்டவில்லை என்று குறை காண்கிறோம். படம் பார்த்துவிட்டு ‘லாஜிக் இடிக்குது’ என்பதும் இதற்குப் பக்கத்து வீடுதான். ஆனால் அங்கே விதி மீறப்பட்டதாகக் குற்றச்சாட்டு இல்லை. பூட்டிய அறைக்குள் நாயகன் எப்படி வந்தான் என்பதற்குக் காரணம் சொல்லவில்லை என்பதுதான் புகார். மென்பொருள் எழுதுகிறவர் ‘லாஜிக் எழுதியாச்சு, டிசைன்தான் பாக்கி’ என்றால், வேலை நடக்கவேண்டிய படிகளை எழுதிவிட்டார் என்று பொருள். இத்தனை பொருளிலும் சொல் ஒருமையிலேயே நிற்கிறது. யாரும் ‘இந்தப் படத்தில் மூன்று லாஜிக்குகள் இடிக்கின்றன’ என்பதில்லை. துறையின் பெயருக்கும் பன்மை கிடையாது. கணிதங்கள், இயற்பியல்கள் என்று நாம் சொல்லாதது போலவே தர்க்கவியல்கள் என்றும் சொல்வதில்லை.

சொல்லின் பழைய வாழ்க்கையும் தெரிந்திருந்தால் நல்லது. நியாயம் என்ற இந்திய தத்துவ மரபின் மூலநூல் கௌதமரின் (இவர் புத்தர் அல்ல) நியாய சூத்திரம். அது ஆராயவேண்டிய 16 பொருள்களைப் பட்டியலிடுகிறது. அதில் தர்க்கம் எட்டாவது. அதாவது அங்கே தர்க்கம் முழுத் துறையின் பெயர் இல்லை, ஒரு உறுப்பு மட்டும். ‘மலையில் நெருப்பு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் புகையும் இருக்கக் கூடாது. ஆனால் புகை கண்முன்னே எழுகிறது’ என்று எதிர்த்தரப்பை ஒரு கணம் ஏற்றுக்கொண்டு, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று காட்டுவதுதான் அந்தத் தர்க்கம். அது தனியாக அறிவைத் தராது, அனுமானத்துக்குத் துணை நிற்கும் என்பது நியாய மரபின் நிலை. அதே பட்டியலில் வாதம், ஜல்பம், விதண்டை என மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. உண்மை காணப் பேசுவது வாதம். ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல் அடுத்தவர் சொன்னதை உடைப்பதே வேலை என்றால் விதண்டை. நாம் தினமும் சொல்லும் ‘விதண்டாவாதம்’ இங்கிருந்து வந்தது. வாதக் கலையின் இந்தப் பிரிவு அன்றாடப் பேச்சுக்குள் இவ்வளவு துல்லியமாக இறங்கியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. பிற்காலத்தில் உறுப்பின் பெயரே துறைக்கும் ஆகிவிட்டது. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் தொடக்க மாணவர்களுக்காக எழுதிய நூலின் பெயர் தர்க்க சங்கிரகம். அங்கே தர்க்கம் என்பது துறை முழுவதையும் தொட்டு நிற்கிறது.

தமிழ் தனக்கென்று வைத்திருந்த சொல் அளவை. அறிவை அளக்கும் கருவி என்பது அதன் உட்பொருள். மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரில் அளவைவாதி ஒருவன் காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று தொடங்கிப் பத்து அளவைகளை அடுக்குகிறான். வேத வியாசர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு எனக் கொண்டனர் என்று கணக்கும் சொல்கிறான். 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த நெறியைச் சொல்லும்போது அளவை இரண்டே என்கிறார், காண்டலும் கருதலும். அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் பத்தையும் எடுத்துச் சொல்லி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் எல்லாம் அடங்கும் என்று முடிக்கிறது.

இதைப் படித்தவர்கள் ‘பார்த்தீர்களா, அளவைகள் என்ற பன்மை அன்றே நம்மிடம் இருந்தது, ஆகவே பல தர்க்கங்கள் என்ற கருத்தும் இருந்தது’ என்று சொல்வதுண்டு. அந்தப் பாலத்தை அவ்வளவு எளிதாகக் கட்ட முடியாது. பத்து அளவைகள் என்றால் அறிவு வரும் வாசல்கள் பத்து. கண்ணால் கண்டும் அறியலாம், ஊகித்தும் அறியலாம், நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டும் அறியலாம். இன்று தர்க்கங்கள் என்னும்போது பேசுவது அந்த வாசல்களில் ஒன்றான கருதலுக்குள்ளேயே, அதாவது ஊகித்தறிவதற்குள்ளேயே, கையிலுள்ள கூற்றுகளிலிருந்து எதை முடிவாகப் பெறலாம் என்ற விதிகளைப் பற்றி. சைமினிக்கும் பௌத்தருக்கும் நடந்த வழக்கு எத்தனை வாசல் என்பது. 20ஆம் நூற்றாண்டில் பிரௌவர், ஹில்பெர்ட் என்ற இரு கணிதர்களுக்கு நடந்த வழக்கு, ஒரே வாசலுக்குள் முடிவை நோக்கி வைக்கும் எந்த அடி செல்லும், எந்த அடி செல்லாது என்பது. இரண்டும் பெரிய வழக்குகள், ஆனால் வேறு வேறு வழக்குகள். ஆகவே ‘அளவைகள்’ என்ற பன்மையை அறிவின் வாயில்களுக்கே விட்டுவைப்பதுதான் நேர்மை என்பது என் கருத்து. துறையைக் குறிக்க அளவையியல் நல்ல சொல். இலங்கையில் உயர்தரப் பாடத்துக்கே ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்றுதான் பெயர்.

அளவை மரபு வெறும் வாசல் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே 29ஆம் காதையில் கருதலின் உறுப்புகள் ஐந்து விளக்கப்படுகின்றன: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலை நெருப்புடையது என்பது பக்கம். புகை உடையது ஆதலால் என்பது ஏது. அடுக்களை போல என்பது திட்டாந்தம். இந்த மலையும் அப்படியே புகை உடையது என்பது உபநயம். ஆகவே நெருப்புடையது என்பது நிகமனம். பின்னிரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்று உறுப்பு மூன்றாகச் சுருங்கவும் செய்கிறது. அரிஸ்டாட்டிலின் மூன்று கூற்று வாதத்தோடு இதை வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு பளிச்சென்று தெரியும்: இங்கே எடுத்துக்காட்டு கட்டாய உறுப்பு, அங்கே அதற்கு இடமே இல்லை. அடுத்தவரை நம்பவைக்கும் செயலாக வாதத்தைப் பார்த்ததன் விளைவு அது.

சரி, இன்றைய பன்மை எப்போது பிறந்தது? 1787இல் ஜெர்மன் தத்துவர் கான்ட், அரிஸ்டாட்டிலுக்குப் பிறகு தர்க்கத்தால் ஓர் அடிகூட முன்னே வைக்க முடியவில்லை, அது முடிந்து நிறைவுற்ற துறை போலத் தெரிகிறது என்று எழுதினார். முடிந்துபோன ஒன்றுக்குப் பன்மை எதற்கு? 1879இல் ஜெர்மன் கணிதர் ஃப்ரேகே, தர்க்கத்துக்கென்று தனிக் குறியீட்டு மொழி ஒன்றை அமைத்து, தொடக்க உண்மைகள் இவை, அனுமதித்த அடி இது என்று ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார். பன்மைக்கு விதை அங்கேதான் விழுந்தது, ஃப்ரேகே அதை விரும்பியிருக்கமாட்டார் என்றாலும். விதிகள் பட்டியலாக எழுதப்பட்ட உடனே ‘இந்த ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்க முடிந்தது. மனசுக்குள் பழக்கமாக மட்டும் இருந்தவரை அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

வடிவியலில் இது ஏற்கெனவே நடந்துவிட்டது. யூக்ளிடின் இணைகோட்டு எடுகோளை மாற்றி 1829இல் லொபசேவ்ஸ்கியும் 1832இல் போல்யாயும் வேறு வடிவியல்களை வெளியிட்டார்கள். அதுவரை வடிவியல் என்றால் ஒன்று. அதன்பின் யூக்ளிட் வடிவியல், யூக்ளிட் சாரா வடிவியல்கள். லொபசேவ்ஸ்கி வேலை பார்த்த அதே கசான் நகரில் நிக்கொலாய் வசிலியேவ் 1910 வாக்கில் இந்த ஒப்புமையை வெளிப்படையாகச் சொல்லியே ‘அரிஸ்டாட்டில் சாராத் தர்க்கம்’ ஒன்றை முன்வைத்தார். தர்க்கத்துக்குப் பன்மை வந்த வழி வடிவியல் போட்டுக்கொடுத்த வழிதான்.

இப்போது, ஒரு விதியை எடுத்தால் உண்மையிலேயே என்ன ஆகிறது என்று ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இல்லாவிட்டால் இதெல்லாம் வெறும் பெயர்ப் பட்டியலாகத்தான் தெரியும்.

கேள்வி: ஒரு விகிதமுறா எண்ணை இன்னொரு விகிதமுறா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தினால் விகிதமுறு எண் கிடைப்பதுண்டா? (பின்னமாக எழுத முடிந்தது விகிதமுறு எண், முடியாதது விகிதமுறா எண்.) √2 விகிதமுறா எண் என்பது நமக்குத் தெரியும். √2ஐ √2ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள். வரும் எண்ணுக்கு ‘க’ என்று பெயர் வைப்போம். க விகிதமுறு எண், அல்லது விகிதமுறா எண். விகிதமுறு எண் என்றால் வேலை முடிந்தது, தேடிய சோடி √2, √2. விகிதமுறா எண் என்றால், கவை √2ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள். அடுக்குகள் பெருகி √2 × √2 = 2 ஆகும், ஆக மொத்தம் √2இன் வர்க்கம், அதாவது 2. அது விகிதமுறு எண். தேடிய சோடி க, √2. எப்படிப் பார்த்தாலும் சோடி உண்டு. முடிந்தது.

செவ்வியல் தர்க்கத்தில், அதாவது ஃப்ரேகேயிலிருந்து வந்த வழக்கமான முறைமையில், இது குறையில்லாத நிறுவல். ஆனால் நிதானித்துக் கேளுங்கள்: அந்தச் சோடி எது? நிறுவல் சொல்லவே இல்லை. இரண்டில் ஒன்று என்பதோடு விட்டுவிட்டது. ‘க விகிதமுறு எண், அல்லது விகிதமுறா எண்’ என்ற அந்த ஒரு வரியில்தான் எல்லாம் நிற்கிறது. ஒரு கூற்று உண்மை, இல்லையேல் அதன் மறுப்பு உண்மை, நடுவே வேறொன்றும் இல்லை என்ற விதி அது. நடுவிலக்கு விதி எனலாம். டச்சுக் கணிதர் பிரௌவர் 1908இல் கேட்டார்: முடிவிலாத் தொகுதிகளைப் பற்றிப் பேசும்போது இந்த விதியை நம்ப நமக்கு என்ன உரிமை? அவர் கணக்கில் ‘இது அல்லது அது’ என்று சொல்ல வேண்டுமானால் இரண்டில் எது என்று காட்ட வழி கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சொல்லக் கூடாது. 1930இல் அவருடைய மாணவர் ஹெய்ட்டிங் இந்த நிலைப்பாட்டுக்கான விதிகளைப் பட்டியலாகவே எழுதிவைத்தார். உள்ளுணர்வுவாதத் தர்க்கம் என்று அதைச் சொல்கிறோம். அந்தத் தர்க்கத்தில் மேலே கண்ட நிறுவல் செல்லாது.

அதே கேள்விக்கு அந்தத் தர்க்கத்திலும் செல்லும் விடை உண்டு. √2ஐ, 2ஐ அடிமானமாகக் கொண்ட 9இன் மடக்கையின் அடுக்குக்கு உயர்த்துங்கள். விடை சரியாக 3. அந்த மடக்கை விகிதமுறா எண் என்று காட்டுவதும் எளிது: அது ஒரு பின்னமாக இருந்தால் 2இன் ஏதோ ஓர் அடுக்கு 9இன் ஏதோ ஓர் அடுக்குக்குச் சமமாக வேண்டும். முன்னது இரட்டைப்படை, பின்னது ஒற்றைப்படை, நடக்காது. இங்கே சோடி கையில் இருக்கிறது, பிரௌவரும் ஒப்புக்கொள்வார்.

இந்த இரண்டு நிறுவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு ‘தர்க்கங்கள்’ என்ற பன்மை ஏன் தேவைப்படுகிறது என்பது புரிந்துவிடும். முதல் நிறுவலை ஏற்கும் முறைமை ஒன்று, ஏற்காத முறைமை இன்னொன்று. இரண்டும் தெளிவானவை. எதில் நிற்கிறோம் என்று சொல்லிவிட்டால், எந்த அடி செல்லும் என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. இரண்டாவது முறைமை முதலாவதைவிடத் தளர்வானது அல்ல, கறாரானது. ‘வேறு தர்க்கம்’ என்றதும் ஏதோ சலுகை தேடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விதியையும் பார்க்கலாம். முரணிலிருந்து எதுவும் பிறக்கும் என்பது செவ்வியல் தர்க்கத்தின் ஓர் இயல்பு. படிப்படியாகப் பாருங்கள். ஒரு தகவல் தொகுப்பில் ஒருவர் 1980இல் பிறந்தார் என்றும் இருக்கிறது, 1980இல் பிறக்கவில்லை என்றும் இருக்கிறது. முதல் தகவலை எடுத்து, ‘அவர் 1980இல் பிறந்தார், அல்லது நிலா வெண்ணெயால் ஆனது’ என்று எழுதலாம். ‘அல்லது’வின் ஒரு பக்கம் சரி என்றால் முழுசும் சரிதானே. அப்புறம் இரண்டாவது தகவலை எடுங்கள்: 1980இல் பிறக்கவில்லை. ஆக, முதல் பக்கம் விழுந்தது, மிஞ்சியது நிலா வெண்ணெய். ஒரு தேதிப் பிழை உலகத்தையே கவிழ்த்துவிட்டது! எந்த அடியும் தனியாகப் பார்த்தால் குற்றமில்லாதது போலத்தான் இருக்கிறது. லட்சக்கணக்கான பதிவுகள் உள்ள எந்தத் தொகுப்பிலும் எங்காவது ஒரு முரண் இருக்கத்தான் செய்யும். அதனால் அதிலிருந்து ஒன்றும் அறிய முடியாது என்று விட்டுவிட முடியுமா? முரண் ஓரிடத்தில் இருந்தால் அது அங்கேயே அடங்கி நிற்கும்படி விதிகளை அமைத்தவை முரண் தாங்கும் தர்க்கங்கள். போலந்தில் யாஸ்கோவ்ஸ்கி 1948இலும் பிரேசிலில் நியூட்டன் த கொஸ்டா 1963இலும் இவற்றுக்கு அடித்தளம் போட்டார்கள். இவற்றில் பலவும் மேலே கண்ட கடைசி அடியைத் தடுக்கின்றன: இரண்டும் பதிவாகியிருக்கும்போது, ஒன்றை வைத்து மற்றதை விழுத்தியாயிற்று என்று கொள்ள முடியாது.

மூன்றாவதாக, உண்மை, பொய் என்ற இரண்டோடு நிற்காத தர்க்கங்கள். நாளை கடற்போர் நடக்கும் என்ற கூற்று இன்றைக்கே உண்மையா பொய்யா என்று அரிஸ்டாட்டில் கேட்டிருந்தார். 1920இல் போலந்துத் தர்க்கவியலர் லுகாசியேவிச் இன்னும் முடிவாகாதவற்றுக்கென்று மூன்றாவது மதிப்பு ஒன்றைச் சேர்த்து மும்மதிப்புத் தர்க்கம் அமைத்தார். 1965இல் லொட்ஃபி சாதே, 0க்கும் 1க்கும் நடுவே எந்த அளவிலும் உறுப்பாகலாம் என்ற கணங்களை அறிமுகம் செய்தார். ஃபஸ்ஸி லாஜிக் என்று பிற்பாடு பேர்பெற்றது அதிலிருந்து வளர்ந்தது. பெயரைப் பார்த்து அது மங்கலாகச் சிந்திப்பது என்று எண்ண வேண்டாம். மங்கலாக இருப்பது பேசப்படும் பொருள், கணக்கு துல்லியமானது. ‘அவர் உயரமானவர்’ 0.6 என்றால் ‘உயரமானவர் அல்ல’ 0.4. வழக்கமான விதிப்படி ‘அல்லது’க்கு இரண்டில் பெரியதை எடுக்க வேண்டும். ஆக ‘உயரமானவர் அல்லது உயரமானவர் அல்ல’ 0.6தான், 1 இல்லை. நடுவிலக்கு விதி இங்கேயும் போய்விட்டது, ஆனால் பிரௌவர் சொன்னதற்குத் தொடர்பே இல்லாத காரணத்தால்.

இதுவரை பார்த்தவை எல்லாம் செவ்வியல் தர்க்கத்தில் எதையோ மறுப்பவை. வேறு பல தர்க்கங்கள் அப்படி இல்லை. அவை இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு மேலே சேர்ப்பவை. சி. ஐ. லூயிஸ் ‘கட்டாயம்’, ‘சாத்தியம்’ என்ற இரண்டையும் சேர்த்தார். 1932இல் லாங்ஃபோர்டுடன் எழுதிய நூலில் ஒன்றல்ல, ஐந்து முறைமைகள் வந்தன. கடமை, அனுமதி பற்றிய தர்க்கத்தை ஃபான் ரைட் 1951இல் அமைத்தார். ‘எப்போதும்’, ‘என்றாவது ஒருநாள்’ என்ற காலச் சொற்களைச் சேர்த்த தர்க்கத்தை ஆர்தர் பிரையர் வளர்த்தார். அதை அமீர் ப்னூயெலி 1977இல் கணினி நிரல்களைச் சோதிக்கக் கொண்டுவந்தார். ‘வந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் என்றாவது பதில் போய்ச்சேரும்’ என்று ஒரு நிரல் உறுதி தருகிறதா எனச் சரிபார்க்க அந்தத் தர்க்கம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பணிக்காக அவருக்கு 1996இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. 1987இல் ஜிரார் அமைத்த நேரியல் தர்க்கம் மட்டும் சேர்ப்பதோடு நிற்கவில்லை, ஒரு கூற்றை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற உரிமையைக் கட்டுப்படுத்தியது: அதில் ஒரு கூற்றைப் பயன்படுத்தினால் அது செலவாகிவிடும். நுழைவுச்சீட்டைக் கொடுத்து உள்ளே போனபின் சீட்டு கையில் இருக்காதல்லவா? அதுபோல. இவர்கள் யாரும் அரிஸ்டாட்டில் தவறு என்று சொல்லவில்லை. தாங்கள் பேசவந்த விஷயத்துக்கு விதி எழுதினார்கள்.

மறுப்பவைகூட நாம் நினைப்பதுபோல முற்றிலும் அந்நியமானவை அல்ல. செவ்வியல் கூற்றுத் தர்க்கத்தில் நிறுவ முடிந்த எதையும் எடுத்து, அதன்மேல் ‘இல்லை என்பது இல்லை’ என்று இரட்டை மறுப்பைச் சேர்த்தால், அது உள்ளுணர்வுவாதத் தர்க்கத்திலும் நிறுவத்தக்கது என்று 1929இல் கிளிவென்கோ காட்டினார். ஒரு தர்க்கத்தை இன்னொன்றுக்குள் வைத்துப் படிக்க முடிகிறது.

இங்கேதான் தத்துவச் சண்டை வருகிறது: உண்மையில் இவை பல தர்க்கங்களா, அல்லது ஒரே தர்க்கம் பல உடுப்பில் வருகிறதா? கார்னாப் 1934இல், யாரும் தனக்கு வேண்டிய தர்க்கத்தை அமைத்துக்கொள்ளலாம், ஆனால் விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றார். குவைன் 1970இல் எதிர்ப்பக்கம் நின்றார்: நடுவிலக்கு விதியை மறுப்பவர் நம்மோடு முரண்படவில்லை, ‘இல்லை’, ‘அல்லது’ என்ற சொற்களுக்கே வேறு பொருள் வைத்துவிட்டார், பேசும் விஷயத்தையே மாற்றிவிட்டார் என்பது அவர் வாதம். பீலும் ரெஸ்டாலும் 2006இல், ‘முடிவு பிறக்கிறது’ என்பதையே ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் சரியாகத் துல்லியப்படுத்தலாம், அதனால் பன்மை உண்மையானது என்று விரிவாக எழுதினார்கள்.

எனக்கு குவைன் சொன்னதில் பாதி சரி என்று படுகிறது. பிரௌவரின் ‘அல்லது’ நம் ‘அல்லது’ இல்லை என்பது மேலே கண்ட உதாரணத்திலேயே தெரிகிறது. ஆனால் அதனால் வழக்கு தள்ளுபடியாகிவிடாது. எந்த ‘அல்லது’வை வைத்துக் கணிதம் செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நிறுவல் என்றால் பொருளைக் கையில் தரவேண்டுமா, இருக்கிறது என்ற உறுதி போதுமா என்பது வெறும் சொல் தகராறு அல்ல. நிறுவலிலிருந்தே கணினி நிரலை உருவி எடுக்க விரும்புகிறவர்களுக்கு அது அன்றாட வேலையின் கேள்வி.

ஆனால் எந்தத் தரப்பை எடுத்தாலும், இந்த அறிஞர்களில் ஒருவர்கூட ‘உன் தர்க்கம் உனக்கு, என் தர்க்கம் எனக்கு’ என்று சொல்லவில்லை. தமிழ்க் கட்டுரைகளில் இப்போது ‘அவர்களுடைய தர்க்கம் வேறு, நம் தர்க்கம் வேறு’ என்று எழுதும் பழக்கம் பெருகிவருகிறது. பெரும்பாலும் அங்கே வேறாக இருப்பது தொடங்கிய எடுகோள், முன்னுரிமை, அல்லது நலன். ஒருவர் வேறு தகவலிலிருந்து தொடங்கி வேறு முடிவுக்கு வந்தால் அவர் தர்க்கம் வேறு ஆகிவிடாது. விதி அதேதான், தொடங்கிய இடம்தான் வேறு. அதைத் ‘தர்க்கம் வேறு’ என்று எழுதினால், தொடங்கிய இடம் சரியா என்று கேட்கும் வாய்ப்பே போய்விடும். ‘அவர் வாதம்’, ‘அவர் தரப்பு நியாயம்’, ‘அவர் கணக்கு’ என்று எழுத நல்ல தமிழ் இருக்கும்போது அங்கே தர்க்கத்தை இழுக்க வேண்டியதில்லை. ‘சந்தையின் தர்க்கம்’, ‘அதிகாரத்தின் தர்க்கம்’ போன்றவை வேறு கதை. ஒன்று உள்ளுக்குள் இயங்கும் போக்கைச் சுட்டும் உருவகம் அது. சமூக அறிவியல் எழுத்தில் நிலைபெற்றுவிட்டது, குற்றமில்லை. ஆனால் ஒரே கட்டுரையில் அந்தத் தர்க்கத்தையும் முறைமைத் தர்க்கத்தையும் கலந்து எழுதினால் வாசகர் திணறிப்போவார்.

இனி எழுத்து வழக்கு. தர்க்கம், தருக்கம் இரண்டும் ஒரே சொல். தனிக்குறிலை அடுத்து ரகர மெய் ஒற்றாக நிற்காது என்பது தமிழ் மரபு. தொல்காப்பியம் ‘ரகார ழகாரம் குற்றொற்று ஆகா’ என்கிறது. அதனால்தான் தர்மம் தருமம் ஆனது, வர்க்கம் வருக்கம் ஆனது, தர்க்கம் தருக்கம் ஆனது. இலக்கணப்படி தருக்கம் சுத்தம். ஆனால் செருக்கு என்ற பொருளில் ‘தருக்கு’ என்று ஒரு பழந்தமிழ்ச் சொல் இருப்பதால், ‘தருக்கி’, ‘தருக்கிய’ போன்ற வடிவங்கள் வரும் இடத்தில் தடுமாற்றம் வரலாம். பொதுவாசகருக்கு எழுதும்போது நான் தர்க்கம் என்றே எழுதுகிறேன். கணிப்பொறிப் பாடநூல்கள் தருக்கம் என்ற வடிவத்தை எடுத்திருக்கின்றன. தனித்தமிழ் நடையில் எழுதுகிறவர்களுக்கு ஏரணம் உண்டு. ஏரணம் என்றால் சண்டை என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது பெரிய வசதி. ஆனால் பழக்கமில்லாத வாசகருக்கு ஒருமுறை விளக்கிவிட வேண்டும். எதை எடுத்தாலும் கட்டுரை முழுவதும் அதையே வைத்திருங்கள். பாதியில் ஏரணம், மீதியில் தர்க்கம் என்றால், இரண்டும் வேறு பொருளோ என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

முறைமையைக் குறிக்கும்போது அடைமொழி இல்லாமல் விடாதீர்கள். ‘செவ்வியல் தர்க்கம்’, ‘மும்மதிப்புத் தர்க்கம்’, ‘காலத் தர்க்கம்’ என்று எழுதினால், பேசுவது ஒரு முறைமையைப் பற்றி என்று வாசகருக்கு உடனே தெரியும், அப்புறம் ‘இத்தர்க்கங்கள்’ என்று பன்மையில் போவதும் இயல்பாக இருக்கும். அடைமொழி இல்லாத வெறும் ‘தர்க்கங்கள்’ தமிழ்க் காதுக்கு ‘வாக்குவாதங்கள்’ என்றே விழும். ‘மேடையில் நடந்த தர்க்கங்கள்’ என்றால் யாரும் ஹெய்ட்டிங்கை நினைக்கப்போவதில்லை. அடைமொழி வைக்க வழியில்லாத இடத்தில் ‘தர்க்க முறைமைகள்’ என்று விரித்து எழுதலாம். ‘தர்க்க முறைகள்’ என்று சுருக்கினால் வாதிடும் உத்திகள் என்று பொருள் போய்விடும், அதனால் முறைமை என்ற முழுச்சொல்லே பாதுகாப்பு. நீங்கள் பார்த்த தொடரில் ‘செவ்வியல் தர்க்கமும்’ என்று அடைமொழியோடு தொடங்கி, ‘அதற்கு மாற்றான’ என்று சுட்டியும் இருக்கிறார்கள். அந்த ஆசிரியர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.